ஓவர்டிரைவ் கியர்பாக்ஸ் மாற்றம்

பழைய காரின் நான்கு கியர் பெட்டியைக் கழற்றி, ஓவர்டிரைவ் உள்ள ஐந்து கியர் பெட்டியைப் பொருத்துதல். இந்தியாவில் இதற்கு நல்ல சான்று அம்பாசடர். அதன் 1489 சிசி இன்ஜின் வண்டியில், நான்காம் கியரில் இன்ஜினும் புரொப்பெல்லர் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுழலும். 1990களில் வந்த 1817 சிசி இசுசு வகையின் ஐந்தாம் கியரில் ஷாஃப்ட் இன்ஜினை முந்தும்; இதுதான் ஓவர்டிரைவ். நெடுஞ்சாலையில் இரைச்சலும் எரிபொருள் செலவும் குறையும்.

பெல் ஹவுசிங், கிளட்ச் தட்டு, ஷாஃப்டின் நீளம், ஸ்பீடோமீட்டர் கேபிள் எல்லாம் பொருந்தவேண்டும். புது ஷாஃப்டைச் சமன்செய்யாமல் விட்டால் வண்டி அதிரும்.

இன்னொரு பழைய கார், பிரீமியர் நிறுவனம் குர்லாவில் தயாரித்த பத்மினி. அதன் 1089 சிசி இன்ஜினுக்கு இழுவிசை குறைவு; மும்பை–புனே வழியில் கண்டாலா ஏற்றத்தில் ஓவர்டிரைவ் உதவாது, சமவெளியில்தான் பயன். கழற்றிய மூலப் பெட்டியை விற்றுவிடாமல் பாதுகாப்பதே நல்லது.