அணிநடைப் பயிற்சியும் படைவீரர் நினைவுகளும்

படைப்பயிற்சியின் வரலாற்றைக் கட்டளை நூல்களைக் கொண்டு எழுதுதல் எளிது. ஒல்லாந்தின் மோரிஸ் இளவரசர் (1567–1625) பண்டை உரோமரின் முறைகளை ஆராய்ந்து தம் படையினரை நாள்தோறும் பழக்கினார். துப்பாக்கியை நிரப்பிச் சுடுதலாகிய ஒரு தொழில் பல நிலைகளாகப் பகுக்கப்பட்டது. 1607 ஆம் ஆண்டு யாக்கோப் டி கெய்ன் வெளியிட்ட படநூலில் மஸ்கற் துப்பாக்கிக்கு மாத்திரம் 43 நிலைகள் உள. ஆயின் அப்படங்களில் நிற்கும் வீரன் களைப்பதில்லை; வலக்காலை வைக்கவேண்டிய இடத்தில் இடக்காலை வைப்பதுமில்லை. பயிற்சியை உடம்பால் அறிந்தோர் கூற்றை வேறிடத்திலேயே தேடல் வேண்டும்.

அயோத்தி நாட்டுப் பிராமணரான சீதாராம் 1812 இல் ஆங்கிலக் கும்பனியின் வங்காளப் படையிற் சேர்ந்து, சுபேதாராய் உயர்ந்தவர். அவர் நினைவுகள் நோர்கேற் என்பாரின் மொழிபெயர்ப்பாக 1873 இல் வெளிவந்தன. மைதானமெங்கும் அறுவர் எண்மராய் நின்ற கூட்டத்தார், தமக்கு ஒரு சொல்லும் விளங்காத மொழியிற் பிறந்த கட்டளைகளுக்கு விசித்திரமாக அசைந்தனராம். கண்டவருக்குச் சிரிப்பு வந்தது. பயிற்சி அவில்தார் காதைப் பிடித்துத் திருகவே அச்சிரிப்பு மறைந்தது. மாதக்கணக்காகத் தொடர்ந்த பயிற்சியில் ஒருநாள் செய்முறை ஒன்றை மறந்தமைக்குத் தலையில் விழுந்த அடியால் உணர்விழந்து வீழ்ந்ததையும் அவர் கூறுகின்றார். இந்நூலின் மூலம் கிடைக்காமையால் அதன் உண்மை பற்றி ஆய்வாளரிடையே ஐயம் உண்டு. எனினும், கும்பனிப் படைகளிற் கட்டளைச் சொற்கள் ஆங்கிலத்திலேயே வழங்கினமை பிற சான்றுகளாலும் தெளிவு. பொருள் அறியாத சொல்லுக்கு உடம்பு பணியக் கற்றது என்பதே இங்கு நாம் பெறும் செய்தி.

அமெரிக்கச் சுதந்திரப் போரில் ஈடுபட்ட சாதாரண வீரரான ஜோசப் பிளம் மார்ட்டின், 1778 இல் வலி போர்ஜ் பாசறையில் ஸ்ரூபன் பிரபு புகுத்திய பிரஷ்ய முறைப் பயிற்சியைப் பெற்றார். வரலாற்றாசிரியர் பெரிதும் போற்றும் அப்பயிற்சியை, 1830 இல் வெளியிட்ட தம் நூலில், ஓயாத பயிற்சியென்று சுருங்கக் கூறி அவர் கடந்துவிடுகின்றார். பசியைப் பற்றியோ அவர் பக்கம் பக்கமாக எழுதியுள்ளார்.

இவற்றிற்கு மாறான சாட்சியம், பின்னாளிற் புகழ்பெற்ற வரலாற்றாசிரியரான வில்லியம் மக்நீலுடையது. 1941 இற் கட்டாய சேவைக்கு அழைக்கப்பட்ட அவர், ரெக்சாஸ் மாநிலத்திற் பயிற்சி பெற்றார். அவருடைய விமான எதிர்ப்புப் பிரிவிடம் இருந்தது இயங்காத பீரங்கி ஒன்றே. ஆகவே பொழுதைப் போக்கப் புழுதி மைதானத்தில் நடைபழக்கினர். இயந்திரத் துப்பாக்கிக் காலத்தில் இதனினும் பயனற்றது வேறில்லையென்று எண்ணத்தக்க அவ்வேலையில், பலரோடு ஒத்து அடிவைத்தபோது தாம் தம்மினும் பெரியதொன்றாய் விரிந்ததுபோன்ற இன்பம் எழுந்தது என்பது அவர் நினைவு. அரை நூற்றாண்டின் பின், 1995 இல், கூட்டு நடனத்தையும் படைநடையையும் ஒருங்கு ஆராய்ந்த நூலுக்கு அதுவே வித்தாயிற்று.

அவ்வுணர்ச்சியை உரைக்கச் சொற்கள் போதா என்றும் மக்நீல் கருதினார். வீரர் பலரின் மௌனத்திற்கு இக்காரணத்தை முற்றாக ஏற்றல் அரிது. பசியை உரைக்கச் சொல்வளம் படைத்திருந்த மார்ட்டினுக்கு, பயிற்சியில் இன்பம் இருந்திருப்பின் அதற்கும் ஒரு சொல் கிடைத்திருக்கும். அன்றியும், மக்நீல் நினைவுகூர்ந்த மைதானத்தில் அவர் அருகே நடந்தவர்கள் யாது உணர்ந்தனர் என்பதற்கு அவர் நூல் சான்றாகாது.