கோவை நகர் காண்போம்

வெள்ளிவிழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு நம் சங்கத்தார் பணித்தபொழுது, எப்பொருளை எடுத்துக் கொள்வது என்று சில நாள் எண்ணிப் பார்த்தேன். ஆண்டுதோறும் மாணாக்கரைக் கோவை நகருக்குச் சுற்றுலா அழைத்துச் செல்லும் வழக்கம் எனக்குண்டு. அதன்பொருட்டு நகரைப் பற்றிய வழிகாட்டி நூல்கள் பலவற்றைப் படித்திருக்கின்றேன். கட்டியவர் பெயர், கட்டிய ஆண்டு, பேருந்துத் தடம், உண்ணுமிடம் யாவும் அவற்றில் உண்டு. அந்த வாயிலுக்குள் நம் பாட்டனார் நுழைய முடிந்ததா என்னும் செய்தி மட்டும் அவற்றில் இல்லை. ஆகவே நகரின் காட்சிகளையும், அக்காட்சிகளுக்கும் நமக்கும் இடையே நின்ற வாயில்களையும் சேர்த்தே இளைஞர்களுக்குச் சொல்ல விழைகின்றேன்.

ஊர்ப் பெயரிலிருந்து தொடங்குவோம். கோவன் என்னும் இருளர் தலைவன் காடு திருத்தி அமைத்த புத்தூரே கோவன்புத்தூர் ஆயிற்று என்பது வழிவழி வரும் செய்தி. இன்று நகரின் காவல் தெய்வமாகப் போற்றப்படும் கோனியம்மன் அவன் வழிபட்ட தெய்வம் என்றும் சொல்வர். கல்வெட்டுச் சான்று கேட்போர் கேட்கட்டும். பெரு நகரம் ஒன்று மலைவாழ் குடியைச் சேர்ந்த ஒருவன் பெயரைத் தன் பெயராகச் சுமந்து நிற்கின்றது என்று ஊரே நம்பி வருவதுதான் நமக்குக் கருதத்தக்கது. மாசித் தேர்த் திருவிழாவின்போது பெரிய கடைவீதியிலும் இராச வீதியிலும் திரளும் கூட்டத்தில் எத்தனை பேருக்கு இது நினைவில் இருக்கும் என்பது ஐயமே.

நகருக்குத் தென்கிழக்கே நொய்யல் ஆற்றை ஒட்டியுள்ளது வெள்ளலூர். 1842-இல் இங்கே உரோமாபுரி நாணயங்கள் புதையலாகக் கிடைத்தன. மேற்குக் கடற்கரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்த பெருவழி இந்த ஆற்றங்கரையை ஒட்டியே கிழக்கு நோக்கிச் சென்றது. அதே நொய்யலின் கீழ்ப்பகுதியில், ஈரோடு மாவட்டத்தைச் சேர்ந்த கொடுமணலில் நடந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளும், கல்மணி செய்த பட்டறைகளும், ஆட்பெயர் பொறித்த பானை ஓடுகளும் வெளிப்பட்டன. கொங்கு நாடு கைத்தொழிலாளர் நாடாக இருந்தமைக்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இனிப் பேரூர். நேரம் குறைவாக உள்ளவர் வேறு எதனை விட்டாலும் பேரூரை விடலாகாது. பட்டீசுவரர் திருக்கோயிலின் கனகசபை 17-ஆம் நூற்றாண்டில் மதுரை நாயக்க மரபைச் சேர்ந்த அளகாத்திரி நாயக்கரால் எடுக்கப்பெற்றது. ஒவ்வொரு தூணிலும் ஓர் ஆள் உயரத்திற்கு மேற்பட்ட சிற்பம். கூரையிலிருந்து தொங்கும் கற்சங்கிலியைக் காணும் சிறுவர்கள் அதனை விட்டு நகர மாட்டார்கள். இறவாப் பனை, பிறவாப் புளி என்னும் தல அதிசயங்களையும் கேட்டறியலாம்.

நம்மவர்க்கு மிக நெருங்கிய செய்தி ஒன்று இத்தலத்திற்கு உண்டு. சுந்தரர் பொருள் வேண்டிப் பேரூருக்கு வருகின்றார். கொடுக்கப் பொருள் இல்லாத இறைவன் பள்ளனாகவும், இறைவி பள்ளியாகவும் உருக்கொண்டு, சேற்றில் இறங்கி நாற்று நடுகின்றனர். கோயிலில் இறைவனைக் காணாத சுந்தரர், வயலுக்குச் சென்று அங்கே அவனை அடையாளம் கண்டு கொள்கின்றார். 18-ஆம் நூற்றாண்டில் கச்சியப்ப முனிவர் இயற்றிய பேரூர்ப் புராணம் இத்தலத்தின் பெருமைகளை விரித்துரைப்பது. நாற்று நடவு விழா ஆனி மாதத்தில் இன்றும் நடைபெறுகின்றது. தேவேந்திர குல மக்களுக்கு அதில் பங்குண்டு.

இங்கே சற்று நின்று சிந்திக்க வேண்டும். கடவுள் எவ்வுருவில் வயலில் இறங்கினாரோ, அவ்வுருவிலேயே பிறந்த மக்கள் அக்கடவுளைக் காணக் கோபுரத்தைத் தாண்ட இயலாதிருந்த காலம் ஒன்று இருந்தது. கொங்கு நாட்டில் மட்டுமன்று, தமிழகம் முழுதும் இந்நிலையே. காந்தியடிகள் 1934-இல் அரிசனச் சுற்றுப்பயணமாகக் கோவைப் பகுதிக்கு வந்தார். 1939-இல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் நுழைவு நிகழ்ந்தது. மாகாணத்துக் கோயில்கள் அனைத்திற்கும் உரிய கோயில் நுழைவுச் சட்டம் 1947-இல்தான் வந்தது. புராணம் எழுதப்பெற்றதற்கும் சட்டம் எழுதப்பெற்றதற்கும் இடையே நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் இருக்கும். கனகசபையின் தூண்களை எண்ணும் மாணாக்கர் இதனையும் எண்ணிப் பார்க்கட்டும் என்றே ஒவ்வொரு முறையும் அம்மண்டபத்தில் அவர்களை அமர வைத்துச் சொல்வேன்.

பேரூரிலிருந்து நகருக்குத் திரும்பும் வழியில் உக்கடம் பெரியகுளமும், அதனை அடுத்துக் கோட்டைமேடும் உள்ளன. கோட்டை இருந்தது, திப்பு சுல்தானுக்கும் ஆங்கிலேயருக்கும் 1791-இல் அதன்பொருட்டுக் கடும்போர் நடந்தது, இன்று பெயர்தான் எஞ்சியுள்ளது. 1799-இல் திப்பு வீழ்ந்தபின் கொங்கு நாடு கும்பினியார் கைக்கு வந்தது. 1866-இல் நகராட்சி, 1981-இல் மாநகராட்சி. சே. ப. நரசிம்மலு நாயுடு போன்றோரின் முயற்சியால் எழுந்த விக்டோரியா நகர மண்டபத்தைப் பேருந்திலிருந்தே கண்டு கொள்ளலாம். கப்பலோட்டிய தமிழர் வ. உ. சிதம்பரனார் 1908 முதல் 1910 வரை கோவைச் சிறையில் இருந்தார். அவர் இழுத்த செக்கு நினைவுச் சின்னமாகப் போற்றப்படுகின்றது.

கோவையின் உண்மையான வரலாறு கோட்டையில் இல்லை, கிணற்றில் இருக்கின்றது என்பது என் கருத்து. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் அமைந்த இப்பகுதியில் ஆற்றுப் பாசனம் குறைவு. ஆழக் கிணறு வெட்டி, எருதுகளைப் பூட்டிக் கவலை இறைத்தே வேளாண்மை நடந்தது. கவலைச் சாலின் அடியில் கட்டும் தோல் தும்பி இன்றேல் ஒரு சொட்டு நீரும் வாய்க்காலுக்கு வாராது. அதனைத் தைத்தவர்கள் அருந்ததிய மக்கள். தும்பி கிழிந்தால் பண்ணையார் ஆளனுப்புவார். அன்றே தைத்துக் கொடுக்க வேண்டும், பயிர் காத்திருக்காது. ஆயின் அத்தும்பியைத் தைத்தவன் அக்கிணற்றில் தானே ஒரு குடம் நீர் மொள்ள உரிமையில்லை. மேட்டின்மேல் நின்று எவரேனும் ஊற்றக் கையேந்திப் பருகியதை என் பாட்டி வாயாலேயே கேட்டிருக்கின்றேன்.

1930-களின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரம் வந்தது. 1937-இல் ஜி. டி. நாயுடுவும் து. பாலசுந்தரமும் மின் மோட்டாரை உள்நாட்டிலேயே உருவாக்கினர். சிறிது காலத்திலேயே கோவை, பம்புசெட்டுகளின் ஊராயிற்று. கவலை மறைந்தது, தும்பி தைத்தோரின் பிழைப்பும் அதனோடு மறைந்தது. அவிநாசி சாலையில் ஜி. டி. நாயுடுவின் பெயரால் அமைந்துள்ள காட்சியகத்திற்குச் செல்லும் இளைஞர்கள் மோட்டாரைக் காணும்பொழுது அதற்கு முன்னிருந்த தோல் தும்பியையும் நினைக்க வேண்டும். அது எந்தக் கண்ணாடிப் பெட்டியிலும் வைக்கப்பெறவில்லை.

நகரத்தாருக்கும் குடிநீர்த் தட்டுப்பாடு பெரிதாகவே இருந்தது. சிறுவாணி நீரைக் கொண்டுவர வேண்டும் என்று நரசிம்மலு நாயுடு 19-ஆம் நூற்றாண்டிலேயே வற்புறுத்தினார். 1929-இல் அந்நீர் நகருக்கு வந்தது. சிறுவாணியின் சுவையைப் புகழாத கோவைக்காரர் இல்லை. குழாய்க்கு ஒரு சிறப்பு உண்டு. கிணற்றைப் போல அதன்மேல் ஒருவர் நின்று காவல் காப்பது எளிதன்று.

சாலையும் அவ்வாறே நமக்குத் தானாக வந்ததில்லை. பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், பொது அலுவலகம் ஆகியவற்றை எச்சாதியினரும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்னும் தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசனார் 1924-இல் சென்னைச் சட்டசபையில் கொண்டு வந்து நிறைவேற்றினார். கோவையைச் சேர்ந்த ஆர். வீரையனும் அக்காலத்தில் அச்சபையில் ஒடுக்கப்பட்டோரின் உறுப்பினராக இருந்து வாதாடியவர். நம் இளைஞருள் வீரையன் பெயரை அறிந்தோர் மிகச் சிலரே. அவர் ஊரில் பிறந்த நமக்கு இது பெருமையளிப்பதன்று. 1938-இல் எம். சி. ராஜாவின் முயற்சியால் குடிமைத் தடைகள் நீக்கச் சட்டம் வந்தது.

பொழுதுபோக்கிடங்களில் திரையரங்கைக் குறிப்பிடாமல் இருத்தல் ஆகாது. இரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், திருச்சியில் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக் கருவியை வாங்கி, ஊர் ஊராகக் கூடாரமடித்துக் காட்டிய பின்னர், 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் என்னும் அரங்கைக் கட்டினார். அது நின்ற சாலை இன்றும் அப்பெயராலேயே வழங்குகின்றது. அரங்கில் தரை, பெஞ்சு, நாற்காலி என்ற பிரிவுகள் இருந்தன. ஆனால் அவை கைக்காசால் வந்த பிரிவுகள். விளக்கை அணைத்த பின்னர் பக்கத்தில் அமர்ந்திருப்பவன் யாரென்று யார் கண்டார்?

இளைஞர்கள் விரும்பிக் கேட்கும் பகுதிக்கு வருகின்றேன், அஃதாவது உணவு. பழைய காப்பிக் கிளப்புகளில் பிராமணருக்குத் தனியிடம், மற்றவருக்குத் தனியிடம் என்று பிரித்திருந்தனர். நாம் அந்த 'மற்றவர்' கணக்கிலும் சேர்ந்தவர் அல்லர். இரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் இருந்த பிரிவினை, பெரியார் முதலியோரின் கிளர்ச்சியால் 1941-இல் நீக்கப்பட்டது. கிராமத்துத் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை அதன்பின்னும் நெடுங்காலம் நீடித்தது.

1981-ஆம் ஆண்டு. எனக்கு வயது பத்து. விடுதிச் சேர்க்கை தொடர்பாக என் தந்தையார் என்னைக் கோவைக்கு அழைத்துச் சென்றார். எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் நமக்கென்று வைத்த குவளை வெளிச்சுவரில் ஒரு கம்பியில் தொங்கும். நாமே எடுத்து, குடித்து, கழுவி, மீண்டும் தொங்கவிட வேண்டும். நகரத்து உணவு விடுதி ஒன்றின் வாசலில் தந்தையார் தயங்கி நின்று, "உள்ளே வரலாமுங்களா?" என்று கேட்டார். பரிமாறுபவர் அக்கேள்வியை விளங்கிக் கொண்டதாகத் தெரியவில்லை. "வாங்க, உக்காருங்க" என்று இலையைப் போட்டார். இட்லி உண்டோம், சாம்பாரை இருமுறை ஊற்றினார்கள். காப்பி குடித்து முடித்ததும் தந்தையார் தம் டம்ளரையும் என் டம்ளரையும் எடுத்துக் கொண்டு கைகழுவும் தொட்டிக்குச் சென்று கழுவத் தொடங்கினார். பரிமாறுபவர் விரைந்து வந்து அவற்றை வாங்கிக் கொண்டு, "அது எங்க வேலைங்க, வெச்சுட்டுப் போங்க" என்றார். திரும்பும் பேருந்தில் ஊர் வரும்வரை தந்தையார் ஒன்றும் பேசவில்லை.

பின்னாளில் ஆசிரியப் பயிற்சியின்போது அரசியலமைப்பைப் படித்தேன். கடைகள், பொது உணவு விடுதிகள், கேளிக்கை இடங்கள், கிணறுகள், குளங்கள், சாலைகள் எவற்றிலும் சாதியின் பெயரால் எவரையும் தடுத்தல் கூடாது என்று அதன் 15-ஆம் உறுப்பு கூறுகின்றது. உலகோர் வியக்கும் அடிப்படை உரிமைகளுக்கு நடுவே உணவு விடுதி எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். அண்ணல் அம்பேத்கரைத் தலைவராகக் கொண்ட வரைவுக்குழுவினர் அதன் தேவையை அறிவர். 1955-ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றச் சட்டம் இன்னும் ஒரு படி சென்று, விடுதியில் வைத்துள்ள பாத்திரங்களைப் பயன்படுத்துவதைத் தடுத்தலும் குற்றம் என்றது. சட்டம் டம்ளரைக் குறித்து இருபத்தாறு ஆண்டுகள் கழிந்த பின்னரும் எங்கள் ஊரில் குவளை கம்பியில்தான் தொங்கியது. அச்சட்டம் 1976-இல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் மாற்றம் பெற்றுக் கடுமையாக்கப்பட்டது. 1989-இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. நகரத்தில் கிடைத்த இருக்கை சிற்றூரில் கிடைக்கப் பல இடங்களில் வழக்குத் தொடுக்க வேண்டியிருந்தது.

இன்று கோவையில் உண்பதற்கு இடம் தேட வேண்டியதில்லை. அன்னபூர்ணாவின் சாம்பாருக்கும், 1948-இல் தொடங்கிய ஸ்ரீ கிருஷ்ணா ஸ்வீட்ஸின் மைசூர்ப்பாகுக்கும் வெளியூரார் வந்து வரிசையில் நிற்கின்றனர். மாலை வேளையில் தள்ளுவண்டிகளில் சுடச்சுடக் காளான் விற்கும். கொங்கு நாட்டுச் சமையல் வேண்டுவோர் அரிசியும் பருப்பும் சோறு, சந்தகை, கொள்ளுப் பருப்பு, ஒப்புட்டு ஆகியவற்றைக் கேட்டு வாங்கி உண்ணலாம். நம் வீடுகளில் வறுமையின் அடையாளமாக இருந்த கம்பஞ்சோறும் இராகிக் களியும் இன்று பெரிய விடுதிகளில் நல்ல விலைக்குக் கிடைப்பது கண்டு என் போன்ற முதியோர்க்குச் சிரிப்பே வருகின்றது.

குடும்பத்துடனோ நண்பருடனோ செல்வோர் காலையிலேயே புறப்படுதல் நலம். பேரூரில் நண்பகலில் நடை சாத்துவர். ஆகவே அங்கேதான் முதலில் செல்ல வேண்டும். 1902-இல் தொடங்கப்பெற்ற காஸ் வன அருங்காட்சியகத்தை உச்சி வேளையில் பார்க்கலாம். விடுமுறை நாளா என்பதை முன்னரே கேட்டறிந்து செல்க. அங்குள்ள மரக்கட்டை வகைகளையும் யானை எலும்புக்கூட்டையும் காண ஒருமணி நேரம் போதாது. வேளாண்மையில் நாட்டமுள்ள இளைஞர் 1912-இல் அமைந்த கரும்பு ஆய்வு நிலையத்தைப் பற்றி அறிதல் வேண்டும். அங்கே உருவான கரும்பு வகைகள் கோவையின் முதலெழுத்தாகிய 'கோ' என்னும் பெயரோடு நாடெங்கும் பயிராகின்றன. மருதமலைக்கும் பாம்பாட்டிச் சித்தர் குகைக்கும் வெயில் தாழ்ந்தபின் ஏறலாம். இறங்கி வந்ததும் மாணாக்கரை ஏதேனும் ஒரு விடுதிக்கு அழைத்துச் சென்று காப்பி வாங்கித் தருவது என் வழக்கம். குடித்து முடித்ததும் டம்ளரை மேசைமேலேயே விட்டுவிட்டு, அடுத்த முறை எங்கே அழைத்துச் செல்வீர்கள் ஐயா என்று கேட்டபடி அவர்கள் எழுந்து விடுகின்றனர்.