பென்ஷனில் பாதி

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவருக்கு மாதாமாதம் வருகிற பென்ஷன் யாருடைய பணம்? உழைத்தவருடைய பணம்தான் என்று சட்டென்று சொல்லிவிடுவோம். தம்பதிகள் சேர்ந்து வாழும்வரை அந்தப் பதிலால் யாருக்கும் நஷ்டமில்லை. விவாகம் ரத்தாகும்போதுதான் சிக்கல் பிறக்கிறது. வீட்டை விற்றுப் பகிரலாம். நகையை நிறுத்துப் பிரிக்கலாம். இனிமேல் வரப்போகிற பணத்தை எப்படிப் பங்கு போடுவது?

அமெரிக்காவில் இந்தக் கேள்வி 1981-ஆம் வருஷம் சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. மெக்கார்ட்டி வழக்கு என்று அதற்குப் பெயர். கணவர் ராணுவ டாக்டர், கர்னல். 1957-ல், வைத்தியக் கல்லூரியில் படிக்கும்போதே அவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. பிறகு பென்ஸில்வேனியா, ஹவாய், வாஷிங்டன், கலிபோர்னியா என்று ஊர் ஊராக மாற்றல். 1976-ல் தம்பதிகள் பிரிந்தார்கள். பென்ஷனுக்கு வேண்டிய இருபது வருஷ சர்வீஸில் சுமார் பதினெட்டு வருஷம் அதற்குள் கழிந்திருந்தது.

கலிபோர்னியா சட்டப்படி, விவாக காலத்தில் தேடிய சொத்து இருவருக்கும் பொது. ஆகவே அங்குள்ள கோர்ட்டு எளிய கணக்காகப் போட்டது. மொத்த சர்வீஸில் சேர்ந்து வாழ்ந்த காலம் எவ்வளவோ, அதற்குரிய பென்ஷனில் பாதி மனைவிக்கு. நூற்றுக்குச் சுமார் 45 பங்கு வந்தது.

1981 ஜூன் 26-ல் சுப்ரீம் கோர்ட்டு அதைத் தள்ளிவிட்டது. காங்கிரஸ் சபை போர்வீரருக்கென்று ஏற்படுத்திய பென்ஷனை ஒரு மாகாணச் சட்டம் கூறு போட முடியாது என்று ஆறு நீதிபதிகள் சொன்னார்கள், மூவர் மறுத்தார்கள். தீர்ப்பை எழுதிய பிளாக்மன், இப்படி விடப்படும் மனைவியரின் நிலை பல சமயம் பரிதாபமானது என்று ஒப்புக்கொண்டு, பரிகாரம் காங்கிரஸ் சபையின் கையில் இருக்கிறது என்றும் எழுதினார்.

நான் கதை எழுதுகிறவன். சர்க்கார் உத்தரவில் ஒற்றை வரியாக வருகிற மாற்றல், வீட்டில் என்னவாகிறது என்று பார்ப்பது என் வழக்கம். சாமான்களைக் கட்டுகிறவள் அவள். குழந்தைகளைப் புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறவள் அவள். எந்த ஊரிலும் நிலைத்து வேலை பார்க்க முடியாதவளுக்குத் தனக்கென்று ஒரு பென்ஷன் எப்படிச் சேரும்?

காங்கிரஸ் சபையில் இந்தப் பெண்களுக்காக வாதாடியவர்களில் முக்கியமானவர், கொலராடோவின் பிரதிநிதி பட்ரீஷியா ஷ்ரோடர். 1982 செப்டம்பரில் சட்டம் நிறைவேறியது. ராணுவ பென்ஷனைப் பங்கிடும் அதிகாரம் மாகாணக் கோர்ட்டுகளுக்குத் திரும்பி வந்தது. சர்வீஸும் தாம்பத்தியமும் பத்து வருஷமாவது ஒன்றாக ஓடியிருந்தால், அவள் பங்கைச் சம்பள அலுவலகமே நேராக அவளுக்கு அனுப்பலாம்.

கம்பெனி ஊழியர்களின் பென்ஷனில் வேறு தொல்லை இருந்தது. அதைப் பிறர் கைக்கு மாற்றக்கூடாது என்று 1974-ல் ஒரு சட்டம் வந்திருந்தது. கடன்காரனைத் தடுக்கிற அந்த வேலி மனைவியையும் தடுக்குமா என்று கோர்ட்டுகளில் தகராறு நடந்தது. 1984-ல் சட்டத்தைத் திருத்தி, முறையான கோர்ட்டு உத்தரவு இருந்தால் பென்ஷன் நிதியே அவளுக்குரிய பங்கைக் கொடுத்துவிட வேண்டும் என்று விதித்தார்கள்.

ஜீவனாம்சம் இதற்கு முன்பும் இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது. ஆனால் ஜீவனாம்சம் கேட்கிறவள் தன் கஷ்டத்தைச் சொல்லிக் கேட்க வேண்டும். பென்ஷனில் பங்கு கேட்கிறவள் தான் கழித்த வருஷங்களை எண்ணிக் காட்டினால் போதும். அந்த வருஷங்களுக்கு ஒரு விலை உண்டு என்று ஒரு பெரிய தேசம் ஒப்புக்கொள்ள 1982 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.