4294967297

4294967297 (429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297) என்பது F₅ எனப்படும் ஃபெர்மா எண். ஃபெர்மா எண்கள் 2^(2ⁿ)+1 என்னும் வடிவில் அமைபவை; n சுழியத்திலிருந்து தொடங்கும். எனவே F₅-இன் மதிப்பு 2³²+1; இது வரிசையில் ஆறாவதாக வருகிறது.

வரலாறு: 3, 5, 17, 257, 65537 என்னும் முதல் ஐந்து ஃபெர்மா எண்களும் பகா எண்கள். இவ்வரிசையில் வருபவை அனைத்தும் பகா எண்களே என்று பிரெஞ்சுக் கணித மேதை பியர் டி ஃபெர்மா 17ஆம் நூற்றாண்டில் கருதினார். 1732இல் லியோனார்டு ஆய்லர் அதை மறுத்தார்: 4294967297 = 641 × 6700417.

வகுபடும் காரணம்: 641ஐ 5×2⁷+1 என்றும் 5⁴+2⁴ என்றும் எழுதலாம். ஆகவே 5⁴×2²⁸–1, 5⁴×2²⁸+2³² ஆகிய இரண்டும் 641ஆல் மீதியின்றி வகுபடும். பின்னதிலிருந்து முன்னதைக் கழித்தால் எஞ்சுவது 2³²+1. எனவே அதுவும் வகுபடும். நீண்ட வகுத்தலே தேவைப்படாத அழகிய நிறுவல் இது.

பிற பண்புகள்: இவ்வெண்ணை இரு வர்க்கங்களின் கூட்டலாக இரு வகையில் எழுதலாம்: 65536²+1², 62264²+20449². முதல் ஐந்து ஃபெர்மா எண்களின் பெருக்கற்பலன் 4294967295. இது 4294967297ஐவிடச் சரியாக 2 குறைவு. அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு வரையத்தக்க ஒழுங்குப் பலகோணங்களில், பக்க எண்ணிக்கை ஒற்றைப்படையாக உள்ளவற்றுள், இதுவரை அறியப்பட்ட மிகப் பெரியதும் 4294967295 பக்கங்கள் கொண்டதே.

65537க்கு அப்பால் வேறொரு ஃபெர்மா பகா எண் இன்றுவரை கண்டறியப்படவில்லை.