போர்முனை ஜீப் வீடு வந்த கதை

இராணுவம் கழித்துவிட்ட வாகனத்தை விலைக்கு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவருவோரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் என் நினைவுக்கு வருவது பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவே.

1945 பெப்ரவரி, மார்ச் மாதங்களில் நடந்த போரில் அந்நகரம் தரைமட்டமாயிற்று. ஏறத்தாழ ஓர் இலட்சம் பொதுமக்கள் மாண்டனர். ட்ராம் வண்டிச் சேவையும் அழிந்தது. வேலைக்குப் போகவும் சந்தைக்குச் செல்லவும் மக்களுக்கு வாகனமில்லை.

யுத்தம் முடிந்ததும் அமெரிக்கப் படையினர் தமக்கு மிகையான ஜீப்புகளை உள்ளூரவர்களுக்கு விற்றனர். சிலவற்றை இலவசமாகவும் கொடுத்தனர். வாங்கியவர்கள் அவற்றை அப்படியே ஓட்டவில்லை. உடலை நீட்டினர், பின்புறத்தில் எதிரெதிராக இரு நீண்ட ஆசனங்களைப் பொருத்தினர், கூரை அமைத்து வண்ணம் தீட்டினர். இவ்வாறு பிறந்ததே 'ஜீப்னி'. குதிரை வண்டி ஓட்டியாகவிருந்த லியோனார்டோ சராவோ 1953 இல் ஆரம்பித்த தொழிலகம், ஜீப்னி தயாரிப்பில் பெரும்பெயர் பெற்றது.

பழைய ஜீப்னிகளை அகற்றிப் புதிய வாகனங்களைப் புகுத்தும் திட்டத்தை அந்நாட்டு அரசு 2017 இல் தொடங்கியது. புகை குறையவேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் புதிய வாகனத்தின் விலை சாரதிகளின் சக்திக்கு அப்பாற்பட்டது. 2023 இல் அவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியமைக்கு அதுவே முக்கிய காரணம்.

இராணுவம் கழித்ததைத் தம் வாழ்வாதாரமாக்கிக்கொண்ட மக்கள் அவர்கள். அதனைக் கழித்துவிடுமாறு கூறும் அரசு, மாற்று வழியையும் காட்டுவதே நியாயமாகும்.