பழசு என்று யார் சொன்னது?

திருவள்ளூரை ஒட்டி இருக்கிற காக்களூர், சிட்கோ தொழிற்பேட்டையால் பேர் தெரிந்த ஊர். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளன்று, முதல்வர் ஜெயலலிதா அங்கே வந்துதான் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கினார். மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்க ஆரம்பித்ததும் அன்றைக்குத்தான். உடனே படித்த வர்க்கம் புலம்பத் தொடங்கியது. ஓசியில் கொடுத்தால் மதிப்பிருக்காதாம். பசங்க சினிமா பார்த்துக் கெட்டுப் போவாங்களாம், கேம் ஆடி உருப்படாம போவாங்களாம், வித்துத் தின்னுடுவாங்களாம். இத்தனை பேசியவர்களில் ஒருத்தராவது இந்த மெஷின் எத்தனை வருஷம் உயிரோடு இருக்கும், அதைச் சாகடிக்கப் போகிறவன் யார் என்று கேட்டாரா? நாம் கேட்க வேண்டியது அதைத்தான். அதையும் அவர்கள் கேவலமாக நினைத்த கேம் வழியாகவே கேட்கலாம்.

கம்ப்யூட்டருக்கும் சேரிக்கும் இருந்த தூரத்தை முதலில் ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டும். தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் என்றால் ஏசி அறை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகணும். தூசி பட்டால் மெஷின் கெட்டுவிடும் என்று காரணம் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் ஊர்த் தெருவில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்கவைக்கப்பட்ட சனங்களின் பிள்ளைக்கு, அந்த வாசலில் நிற்கும்போது தூசி மட்டுமா ஞாபகத்துக்கு வரும்? பிறகு பிரவுசிங் சென்டர் வந்தது. மணிக்கு இவ்வளவு என்று காசு. காசு தீர்ந்தால் எழுந்திரு.

மடிக்கணினி வந்தபோதுதான் இந்த வாசல் இல்லாமல் போனது. அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி பிளஸ் டூ பிள்ளைகள், கல்லூரிப் பிள்ளைகள் என்று எல்காட் வாங்கிக் கொடுத்தது வருஷக்கணக்கில் ஐம்பது லட்சத்தைத் தாண்டியது. திருவள்ளூர் மாவட்டத்தில் ஐந்தில் ஒருவருக்கு மேல் பட்டியல் சாதியினர். கும்மிடிப்பூண்டி, பொன்னேரி பக்கத்துக் காலனிகளில் பல வீடுகளுக்கு அதுதான் முதல் கம்ப்யூட்டர், அநேகமாகக் கடைசி கம்ப்யூட்டரும்கூட. மூடி மேல் முதல்வர் படம் இருந்தது. இருந்துட்டுப் போகட்டும். உள்ளே இருந்தது நம்ம பிள்ளையுடையது.

என்ன செய்தார்கள் அதை வைத்து? படித்தார்கள், படம் பார்த்தார்கள், விளையாடினார்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மயிலாப்பூர் பையன் கேம் ஆடினால் மூளை வளர்ச்சி, நம்ம பையன் ஆடினால் சீரழிவு என்கிற கணக்கை நாம் ஏற்கத் தேவையில்லை. வைஸ் சிட்டி, ரோடு ரேஷ், ஐஜிஐ, கிரிக்கெட் 07 எல்லாம் பென் டிரைவில் வீடு வீடாகப் போயின. திருட்டுப் பிரதிதான். கிரெடிட் கார்டு இல்லாத வீட்டுக்கு அசல் கடையின் கதவு எங்கே திறந்திருந்தது? திருட்டு விசிடிக்காரனை அடைக்கக் குண்டர் சட்டத்தை 2004-இல் திருத்தியவர்கள், அந்தக் கதவைப் பற்றி யோசித்ததில்லை.

அந்த கேம்கள் ஓடியதற்குக் காரணம் எளிமையானது. 2003-இல் கம்ப்யூட்டருக்கு வந்த வைஸ் சிட்டி கேட்டது 128 எம்பி நினைவகம். எட்டு வருஷம் கழித்து அரசு கொடுத்த எளிய மெஷினுக்கு அதெல்லாம் சுண்டைக்காய்.

சில வருஷத்தில் அந்தப் பசங்க சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளி ஆனார்கள். கையில் கொஞ்சம் காசு வந்ததும் அசல் கேமையே வாங்கினார்கள். வாங்குகிற இடம் ஸ்டீம். அமெரிக்காவின் வால்வ் கம்பெனி நடத்துகிற கடை. கடை என்றால் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிற கடையில்லை. பெரும்பாலான கேமை ஆடுவதற்கே அந்தக் கடை மென்பொருள் உங்கள் மெஷினில் ஓட வேண்டும். நீங்கள் வாங்கியது கேம் அல்ல, ஆடுவதற்கான உரிமம்.

இனி தேதிகளைப் பாருங்கள். 2014 ஏப்ரல் 8-இல் விண்டோஸ் எக்ஸ்பியை மைக்ரோசாஃப்ட் கைவிட்டது. 2019 ஜனவரி 1 முதல் எக்ஸ்பி, விஸ்டாவில் ஸ்டீம் இல்லை. 2020 ஜனவரி 14-இல் விண்டோஸ் 7 முடிந்தது. 2024 ஜனவரி 1-இல் விண்டோஸ் 7, 8 இரண்டையும் ஸ்டீம் கைகழுவியது. அதற்குச் சொன்ன காரணம் கவனிக்கத் தக்கது. ஸ்டீமுக்குள்ளே கூகுள் குரோம் பொதிந்திருக்கிறது. குரோம் 2023-லேயே விண்டோஸ் 7-ஐ விட்டுவிட்டது. ஆகவே ஸ்டீமும் விடுகிறது. கேமுக்கு ஒன்றும் ஆகவில்லை. மெஷினுக்கும் ஒன்றும் ஆகவில்லை. நேற்று ஓடியது இன்றும் ஓடும். நடுவில் நிற்கிற கடைக்காரனின் கதவுதான் மாறியது. அந்தக் கதவையும் அவனுக்கு மேலே இருக்கிற இன்னொருத்தன் மாற்றினான். ஒருத்தன் கையை இன்னொருத்தன் காட்டுவான், பாதிக்கப்பட்டவன் கேட்க ஆள் இருக்காது. இந்த ஏற்பாடு நமக்குப் புதுசில்லை. தாலுகா ஆபீசில் பட்டா கேட்டு அலைந்தவர்களுக்கு நல்லாவே தெரியும்.

2023 செப்டம்பரில் கவுன்டர் ஸ்டிரைக் 2 வந்தபோது டைரக்ட்எக்ஸ் 9, 32 பிட், மேக் மூன்றையும் விட்டுவிட்டார்கள். எல்லாம் சேர்ந்தே ஆடுகிறவர்களில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்றது வால்வ். கணக்கு சரியாகவே இருக்கலாம். ஆனால் இந்த மாதிரிக் கணக்கில் குறைவாக இருக்கிறவன் யார் என்பதுதான் நம்ம கேள்வி. ஊர்க் கூட்டத்தில் கையெண்ணி முடிவெடுக்கும்போது காலனிக்காரன் எப்போதும் குறைவாகத்தான் இருப்பான். பழைய கேமை ஒரு மூலையில் விட்டுவைத்தார்கள். கம்பெனி சர்வரில் நாலு பேரோடு சேர்ந்து ஆட முடியாது, தனியா ஆடிக்கோ என்று. தனிக் குவளை மாதிரி என்று சொன்னால் மிகையாகத் தோன்றும். சொல்லாமல் விடவும் மனசு வரவில்லை.

கம்பெனி தரப்பையும் சொல்லிவிட வேண்டும். பழைய இயங்குதளத்தில் பாதுகாப்பு ஓட்டைகள் இருக்கும், அடைக்க ஆளில்லை. ஒவ்வொரு பழைய மெஷினிலும் சோதித்துப் பார்க்கக் காசும் ஆளும் வேண்டும். நாலு பேர் சேர்ந்து கேம் எழுதுகிற சின்னக் குழு, பதினைந்து வருஷத்துக் கம்ப்யூட்டரை எல்லாம் கட்டி இழுக்க முடியாது. ஒப்புக்கொள்கிறேன். புது கேமைப் பழைய மெஷினில் ஓட்டிக் காட்டு என்று யாரும் அடம்பிடிக்க வேண்டியதில்லை. (மனசிருந்தால் அதுவும் ஓரளவு முடியும். ரயட் கம்பெனி 2020 ஜூனில் வெளியிட்ட வேலரன்ட், 2012 வாக்கில் வந்த இன்டெல் எச்டி 4000 கிராஃபிக்ஸிலேயே ஓடும்படி எழுதப்பட்டது. ஏழை நாட்டுப் பசங்களும் சந்தைதானே.) ஆனால் புதுசைக் கொடுக்காதது வேறு, கொடுத்ததைப் பிடுங்குவது வேறு. இரண்டையும் 'ஆதரவு நிறுத்தம்' என்ற ஒரே வார்த்தையில் போட்டு மூடுகிறார்கள்.

2021 நவம்பரில் நடந்ததே சாட்சி. ராக்ஸ்டார் கம்பெனி வைஸ் சிட்டியை மெருகேற்றி மறுபடி விற்க வந்தது. இந்த முறை கேட்டது 8 ஜிபி நினைவகம். அதே ஊர், அதே கதை, அறுபது மடங்குக்கு மேல் நினைவகம். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பழைய பதிப்பைக் கடையிலிருந்தே தூக்கிவிட்டார்கள். ஆடுகிறவர்கள் கொந்தளித்த பிறகு திருப்பி வைத்தார்கள். யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31-இல் 'தி க்ரூ' என்ற கேமின் சர்வரை அணைத்ததும், காசு கொடுத்து வாங்கியவர்கள் கையில் ஒன்றுமே மிஞ்சவில்லை. அதிலிருந்து கிளம்பிய இயக்கம்தான் ஐரோப்பாவில் 2025-இல் பத்து லட்சம் கையெழுத்தைத் தாண்டியது.

கையில் கொடுத்ததைக் காகிதத்தால் எடுத்துக்கொள்வதில் இந்த மாவட்டத்துக்குப் பெரிய அனுபவம் உண்டு. அன்று திருவள்ளூரும் பொன்னேரியும் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தன. அதன் ஆட்சியர் திரமென்ஹீர் 1891-இல் எழுதிய அறிக்கையில் இருந்துதான் 1892-இன் பஞ்சமி நில ஆணை பிறந்தது. பிறருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை இருந்தும் நிலம் எங்கே போனது? அதைக் கேட்டுத்தான் 1994 அக்டோபரில் காரணையில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். நிலத்தையும் விளையாட்டையும் நான் ஒரே தராசில் வைக்கவில்லை. உரிமை என்று எழுதிக் கொடுத்தாலும் சாவி இன்னொருத்தன் கையில் இருந்தால் அது உரிமையில்லை என்பதை நாம் கேம் ஆடித் தெரிந்துகொள்ளவில்லை என்று சொல்ல வருகிறேன்.

மனுவின் பத்தாம் அத்தியாயம் சண்டாளருக்கு விதித்தது பிணத்தின் துணி, உடைந்த பாத்திரம். ஊழியம் செய்கிற சூத்திரருக்கு எச்சில் சோறும் கிழிந்த துணியும் பழைய தட்டுமுட்டும். 1927 டிசம்பர் 25-இல் மகாத்தில் அம்பேத்கர் அதைக் கொளுத்தினார். பழசு யாருக்குப் போக வேண்டும் என்று அந்த நூல் முடிவு செய்தது. இன்றைய ஏற்பாடு இன்னும் நுணுக்கமானது: நம் கைக்குப் புதுசாகவே வருகிறது, வந்த பிறகு பழசாக்கப்படுகிறது.

இதற்கு மாற்று ஒன்று நம்ம ஆள் ஒருத்தர் கையில் இருந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். சி. உமாசங்கர், தலித் ஐ.ஏ.எஸ். அதிகாரி. எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, 2007 வாக்கில், விண்டோஸை ஒதுக்கிவிட்டு சூசே லினக்ஸுக்கு அந்த நிறுவனத்தை மாற்றினார். அரசுப் பள்ளிக் கம்ப்யூட்டர்களிலும் லினக்ஸைக் கொண்டுபோனார். லினக்ஸில் எஜமான் கிடையாது. ஒரு கம்பெனி ஒரு தேதியைக் குறித்து எல்லாரையும் வெளியே தள்ள முடியாது. அந்த மனிதரை 2010-இல் சாதிச் சான்றிதழைக் கிளப்பி இடைநீக்கம் செய்தார்கள். எதிர்ப்பு எழுந்த பிறகு திரும்பப் பெற்றார்கள். அது தனிக் கதை. மடிக்கணினியிலும் விண்டோஸோடு சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இருந்தது. பசங்க அதை அழித்தார்கள், கேம் ஓடாது என்று. அன்றைக்கு அவர்கள் செய்தது சரிதான். ஆனால் 2018-இல் வால்வ் தானே புரோட்டான் என்ற மென்பொருளைக் கொண்டுவந்து விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்டியது. 2022-இல் அது விற்க ஆரம்பித்த ஸ்டீம் டெக் ஓடுவதும் லினக்ஸில்தான். பணக்காரக் கம்பெனி தொட்ட பிறகு தீட்டு போய்விட்டது.

கிரிக்கெட் 07 கதை இன்னும் சுவையானது. 2006-இல் அதை வெளியிட்ட இஏ, அதற்குப் பிறகு கம்ப்யூட்டருக்குப் பெரிய கிரிக்கெட் கேமே போடவில்லை. ஆனால் ஆடுகிறவர்கள் விடவில்லை. வருஷா வருஷம் ஐபிஎல் அணிகளையும் புது ஆட்டக்காரர்களையும் சட்டை நிறத்தையும் அவர்களே எழுதிச் சேர்த்தார்கள். 256 எம்பி கேட்ட ஆட்டம் இன்றைக்கும் காலனி மடிக்கணினியில் ஓடுகிறது. கடைக்காரன் கதவு நடுவில் இல்லாததால்தான் இது நடந்தது.

ஓடாமல் போனவை எங்கே போகின்றன? கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு. மின்கழிவைப் பிரிக்கிற ஆலைகளும் பழைய பேட்டரியை உருக்கி ஈயம் எடுக்கிற ஆலைகளும் அங்கே இருக்கின்றன. ஈயப் பற்று வைத்த போர்டு, செம்பு, பிளாஸ்டிக் என்று பிரிகிறது. அதைக் கையால் பிரிக்கிறவனும் புகையை மூச்சில் இழுக்கிறவனும் பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளிதான்: உள்ளூர்க் காலனிக்காரன், இல்லையென்றால் ஒடிசா, பீகாரிலிருந்து வந்தவன். 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-இன் வழக்கமான ஆதரவும் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் 2.0 சில்லும் புதிய தலைமுறைச் சிப்பும் பழைய மெஷின்களில் கிடையாது. இதனால் உலகம் முழுக்க 24 கோடி கம்ப்யூட்டர் குப்பைக்குப் போகலாம் என்று கனலிஸ் நிறுவனம் 2023-லேயே கணித்தது. அரசு கொடுத்த மெஷின்களில் மிஞ்சியிருப்பவையும் அந்த வரிசையில்தான் நிற்கின்றன.

2025 மார்ச் பட்ஜெட்டில் தமிழக அரசு இரண்டு வருஷத்தில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி என்று அறிவித்தது. 20 லட்சம் வாங்குகிறவன் சந்தையில் சின்ன ஆள் இல்லை. டெண்டரில் ஜிபி எவ்வளவு, திரை எத்தனை அங்குலம் என்று எழுதுகிற கையால், எத்தனை வருஷத்துக்கு மென்பொருள் கதவை மூடக் கூடாது, மூடினால் கடைசியாக ஓடிய பதிப்பை மாணவன் கையில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்றும் எழுதலாம். உமாசங்கர் காலத்தில் எல்காட் மைக்ரோசாஃப்டை எதிர்த்து நின்றிருக்கிறது.