நாணும் இசைவும்

தாமிரபரணிக் கரையூர்களில் கொடைவிழா இரவுகளை நிறைப்பது வில்லுப்பாட்டு. குடத்தின் மேல் பொருந்திய நெடிய வில். அதன் இரு முனைகளையும் இழுத்துப் பிணித்த நாண். வில்லில் தொங்கும் மணிகள். புலவர் வீசுகோலால் நாணைத் தட்டியதும் கதை பிறக்கிறது. மறுநாள் வகுப்பறையில் நம் பிள்ளைகள் வட்டம் வரைகின்றனர். பரிதியின் இரு புள்ளிகளை இணைக்கும் நேர்கோட்டை 'நாண்' என்றும், அது வெட்டும் பரிதிப் பகுதியை 'வில்' என்றும் மனனம் செய்கின்றனர். முந்தைய இரவு கேட்ட நாண்தான் இது என்று அவர்களுக்கு நாம் சொன்னதுண்டா?

வில் இசைக் கருவியானது நெடுங்காலத்துக்கு முன்பே. குமிழ மரக் கொம்பில் மரல் நாரைக் கட்டி ஆயன் வாசித்த வில்யாழைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. கணக்கிலும் அந்நாணே நெடும்பயணம் சென்றது. கி.பி. 499-ஐ ஒட்டி ஆரியபட்டர், கால்வட்டத்தை 24 கூறாக்கி அரைநாண்களின் அளவுகளைத் தந்தார். நாணைக் குறிக்கும் 'ஜ்யா' என்னும் வடசொல் அரபியரிடம் 'ஜீபா' ஆயிற்று. உயிர்க்குறியின்றி எழுதப்பட்ட அச்சொல்லை, ஆடையின் மடிப்பைக் குறிக்கும் 'ஜைப்' என்று பின்னர் வாசித்தனர். 12-ஆம் நூற்றாண்டில் இலத்தீனில் பெயர்த்தோர் அதனைச் 'சைனஸ்' என்றனர். இன்று மாணவர் பயிலும் 'சைன்' அதுவே.

நம் பாடகர் குழுவினர் ஆர்மோனியத்தில் மூன்று சுரங்களை ஒருங்கே அழுத்தி எழுப்பும் 'கார்டு' வேறு கதையுடையது. வட்டத்து நாணைக் குறிக்கும் ஆங்கிலச் சொல், நரம்பைக் குறித்த கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. இசையின் 'கார்டு' உடன்பாட்டைக் குறிக்கும் 'அக்கார்டு' என்பதன் குறுக்கம். பிற்காலத்தில் எழுத்து ஒன்றியதால் இரண்டும் ஒரே சொல்லாகத் தோன்றின. தமிழரான நமக்கு இது வியப்பன்று. இசை என்றாலே நமக்கு இணங்குதலும் ஆகுமன்றோ!

ஒரு முனை அவிழ்ந்த நாண் ஒலிப்பதில்லை. தனித்து நின்ற ஒரு சுரம் 'கார்டு' ஆவதில்லை. நம் ஆலயங்களில் மணமக்கள் முதலில் தம் இசைவைச் சொல்கின்றனர். அதன் பின்னரே மங்கலநாண் பூட்டப்படுகிறது. இசைவு தளர்ந்த இல்லத்தில் நாண் வெறும் கயிறே. கணக்கையும் பாட்டையும் வெவ்வேறு அறைகளில் பூட்டிவைத்த நாம், அடுத்த கொடைக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்று அந்த வில்லின் அருகே அமர்த்துவோம். நாண் என்றால் என்னவென்று வீசுகோல் அவர்களுக்குச் சொல்லும்.